சம்பந்தி தோட்டத்தில் இரண்டாவது தண்டவாளம்

கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் இடி. தண்டவாளப் பாதைக்கு இன்ஸ்பெக்டரான அவர் ஒரு முனையில் நின்று குரல் கொடுத்தால், வளைவுக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறவன் கையிலிருந்து சம்மட்டி நழுவும். ஆபீஸில் வாக்கி டாக்கி கொடுத்தார்கள். அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, "அதுக்கு பேட்டரி தீர்ந்துடும், என் தொண்டை தீராது" என்றார். இப்பேர்ப்பட்ட மனிதர் தன் மகளின் மாமனார் முன்னால் போய் நின்றால் மட்டும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. வாய் அசையும், சத்தம் வராது.

அவர் பொறுப்பில் இருந்தது ஒரு கிராமத்து ரயில் பாதை. ஒரு காலத்தில் போக ஒன்று, வர ஒன்று என்று அதில் இரண்டு தடம் இருந்தது. வண்டிகள் குறைந்துபோன சமயத்தில், இதற்கு எதற்கு இரண்டு என்று யாரோ ஒரு மேலதிகாரிக்குத் தோன்றி, ஒன்றைப் பிடுங்கி வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். பிறகு ஊர்கள் பெருத்தன, கல்லூரி வந்தது, மில் வந்தது, கூட்டம் வந்தது. தடம் மட்டும் ஒன்றாகவே இருந்தது. எதிர் வண்டி வரும்வரை இந்த வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் தேமே என்று நிற்கும். பயணிகள் இறங்கி முகம் கழுவி, தலை சீவி, பக்கத்து சீட்டுக்காரரோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடுவார்கள். அப்போதும் எதிர் வண்டி வந்திருக்காது.

பிடுங்கிய தடத்தைத் திரும்பப் போடு என்று உத்தரவு வந்த அன்று இடி ஆபீஸ் முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பழைய மண்மேடு அப்படியே இருந்தது. முள்ளை வெட்டி, மண்ணை இறுக்கி, ஜல்லி கொட்டி, கான்கிரீட் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே தண்டவாளத்தை வைத்து கிளிப் அடிக்க வேண்டியதுதான். இரண்டு முனையிலிருந்தும் வேலை தொடங்கியது. நடுவில் வந்து சந்திக்க வேண்டும்.

அந்த நடுவில்தான் வில்லங்கம். வளைவைத் தாண்டியதும் மண்மேட்டின் மேல் ஒரு செடி நர்சரி இருந்தது. அகலம் ஒரு ரயில் தடத்தின் அகலம்தான். நீளமோ, ஒரு முழு ரயிலை நிறுத்திவைக்கலாம். எலுமிச்சைக் கன்று பார்க்கப் புறப்பட்ட ஆள், ரோஜாவைக் கடந்து, குரோட்டன்ஸைக் கடந்து, போய்ச் சேருவதற்குள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். அது இடியின் சம்பந்தியுடைய நர்சரி. வீட்டுக் கொல்லையில் இடம் போதாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு தொட்டியை நகர்த்தி வைத்ததுதான் ஆரம்பம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மண்ணுக்குள் பழைய ஜல்லி கிடந்ததால் தண்ணீர் தேங்காமல் வடிந்தது. செடிகளுக்கு அது பிடித்துப்போய், தொட்டிகள் குடும்பம் பெருக்கிக்கொண்டே போயின.

நிலம் ரயில்வேயுடையது என்பது சம்பந்திக்கும் தெரியும். ஆனால் மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம். கல்யாண வரவேற்பில், ஊருக்கெல்லாம் போட்ட அதே பிளாஸ்டிக் நாற்காலியைத் தனக்கும் போட்டார்கள் என்று கடைசிவரை நின்றுகொண்டே இருந்தவர். இடி பெண்ணைக் கொடுத்தவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கொடுத்த இடத்தில் போய், உங்கள் தோட்டத்தைக் காலி பண்ணுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் தடவை இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சம்பந்தி உட்காரவைத்து, காபி கொடுத்து, பேச்சையும் தானே எடுத்தார்.

"ரெட்டைப் பாதை போடறீங்களாமே சம்பந்தி?"

"ஆமாங்க சம்பந்தி. அது விஷயமாத்தான்..."

"நல்ல காரியம். அந்தப் பக்கம்தானே போடறீங்க?" என்று, ரயில் ஓடுகிற தடத்துக்கு அப்பால் கையைக் காட்டினார் சம்பந்தி. "நான் அப்பவே நினைச்சேன். அந்தப் பக்கம்தான் மண்ணு கெட்டி. உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா?"

அந்தப் பக்கம் தவளைகள் குடித்தனம் நடத்தும் சதுப்பு. இடி அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் சம்பந்தியம்மா பிஸ்கட் தட்டை நீட்டினார். திறந்த வாய்க்குள் பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டு தலையை ஒரு தினுசாக ஆட்டினார் இடி. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். சம்பந்தி ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தார்.

வீட்டில் மனைவி தொட்டியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"என்னங்க, நிலத்தைக் கேட்கிறேன்னு போய் செடியைக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"நான் கேட்கலை. அவரா கொடுத்தார்."

"நிலத்தையும் அவரா கொடுப்பார்னு காத்திருக்கப் போறீங்களாக்கும்."

அடுத்த தடவை எலுமிச்சை வந்தது. அதற்கடுத்த தடவை, மழை வரும்போல இருக்கிறது என்பதற்கு மேல் பேச்சு நகராமல், கைக்கு ஒன்றாக இரண்டு குரோட்டன்ஸோடு திரும்பினார். வாசலில் செருப்பு விட இடமில்லை. "கவலைப்படாதீங்க, இப்படியே தினம் போயிட்டு வாங்க. அங்க இருக்கிறது பூரா இங்க வந்துடும். இடம் தன்னால காலியாயிடும்," என்றார் மனைவி.

இதற்குள் சர்வேக்காரர்கள் தங்கள் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். புதுத் தடத்தின் நடுக்கோட்டைக் குறிக்க, தலையில் சிவப்புச் சாயம் பூசிய மரக்குச்சிகளை அடித்துக்கொண்டே வந்தவர்கள், சம்பந்தி வெளியூர் போயிருந்த ஒரு நாளில் நர்சரிக்குள்ளும் வரிசையாக அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சேதி இடியின் காதுக்கு வந்தது. இனி மறைத்துப் பயனில்லை, நடப்பது நடக்கட்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சம்பந்தி வாசலுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைக்கும்! கொடி படர ஒரு குச்சி இல்லைன்னு முன்னே ஒரு தடவை பேச்சுவாக்குல சொன்னேன். அதை மனசுல வெச்சிருந்து, சொல்லாம கொள்ளாம ஆளை விட்டு அடிச்சுக் கொடுத்திருக்கீங்களே!"

இடி எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு கொடி ரோஜா சணலால் கட்டப்பட்டிருந்தது. ரயில் பாதையின் நடுக்கோடு வெள்ளையும் சிவப்புமாகப் பூத்துக் குலுங்கியது.

"அதுவும் எப்படி இவ்வளவு நேரா அடிச்சாங்க? நூல் பிடிச்ச மாதிரி!"

"கருவி வெச்சு அடிச்சது சம்பந்தி," என்றார் இடி. அன்று அவர் பேசிய ஒரே உண்மை அதுதான்.

இந்தக் கூத்து எத்தனை நாள் நடக்கும்? பெரிய இன்ஜினியர் அம்மா வேலையைப் பார்க்க வந்தார். அவர் அதிகம் பேசாதவர். தண்டவாளத்தின் மேல் ஓடும் தள்ளு டிராலியில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். இரண்டு பேர் தள்ள, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடிக்கு வளைவு நெருங்க நெருங்க வியர்த்துக் கொட்டியது. நர்சரிக்கு எதிரே, "நிறுத்துங்க" என்றார் இன்ஜினியர் அம்மா. இறங்கிப் போய் ஒரு குச்சியைக் குனிந்து பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், நம்ம குச்சி பூத்திருக்கு."

"ஆமாங்க மேடம்."

"பூக்கிற ரகமா பார்த்து வாங்கினோமா?"

இடி பதில் சொல்வதற்குள், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சம்பந்தி பூவாளியும் கையுமாக முகமெல்லாம் பல்லாக வந்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க. சம்பந்தியோட ஆபீசரா? அந்தப் பக்கம் வேலை எல்லாம் எப்படிப் போகுது?"

"எந்தப் பக்கம்?"

"புதுத் தடம் போடற பக்கம்."

"நீங்க நிற்கிறீங்களே, இதுதாங்க புதுத் தடம். இன்ஸ்பெக்டர் உங்ககிட்ட சொல்லலையா?"

சம்பந்தி இடியைப் பார்த்தார். குச்சிகளின் வரிசையைப் பார்த்தார். மறுபடி இடியைப் பார்த்தார். சாய்ந்துபோன பூவாளியிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"தலையாட்டினீங்களே," என்றார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிராலி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் இன்ஜினியர் அம்மா குடையை மடக்கினார். பிறகு, "எனக்கும் ஒரு சம்பந்தி இருக்காங்க," என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விட்டார். "அடுத்த வாரம் ஜல்லி வண்டி இங்க வந்துடும். அதுக்குள்ள எப்படியாவது பேசி முடிச்சுடுங்க."

மறுநாள் காலையில் மகளிடமிருந்து போன் வந்தது. மகளுக்கு மின்சார ஆபீஸில் புகார் போன் எடுக்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை கோபக்காரர்களோடுதான் பிழைப்பு.

"அப்பா, என்ன பண்ணி வெச்சீங்க? மாமா தட்டை எடுத்துட்டுப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடறார்."

"உன்னை ஏதாவது சொன்னாராம்மா?"

"என்னை என்ன சொல்லப் போறார்? நீங்க உடனே கிளம்பி வாங்க. அந்த இஸ்திரி சட்டை மட்டும் வேணாம். அதைப் போட்டாலே உங்களுக்குப் பேச்சு வரமாட்டேங்குது. வேலைக்குப் போற சட்டையிலேயே வாங்க."

கிரீஸ் கறை படிந்த சட்டையோடு போனார். கூடத்தில் சம்பந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாமனாரின் தலையைக் கண்டதும் மாப்பிள்ளை, சற்றுமுன் குளித்தவர், மறுபடி குளிக்கப் போய்விட்டார். மகள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவரை உட்காரச் சொல்லும்மா," என்றார் சம்பந்தி சுவரிடம்.

"அப்பா, மாமா உட்காரச் சொல்றார்."

"பரவாயில்லை, நிற்கிறேன்னு சொல்லும்மா."

"மாமா, அப்பா மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் உட்காருவாராம்."

இடி திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"மன்னிப்பு எதுக்காம்? நிலத்துக்கா? நிலம் அவங்களோடது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்துக்கோங்கன்னு கொடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து, காபி குடிச்சு, பிஸ்கட் சாப்பிட்டு, தலையையும் ஆட்டிட்டுப் போனாரே, அதுக்கு என்ன சொல்றார்னு கேளு."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்ற இடிக்கு ஒவ்வொரு சொல்லும் சுருக்கென்று தைத்தது. மகள் திரும்பி, "அப்பா, நீங்க பிஸ்கட் சரியா சாப்பிடலைன்னு மாமாவுக்கு வருத்தம்," என்றாள்.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றார் சம்பந்தி.

"சுருக்கிச் சொன்னேன் மாமா. ஆபீஸ்லயும் அப்படித்தான். ஒருத்தர் மூச்சு விடாம திட்டுவார். நான் 'வீட்டில் கரண்ட் இல்லை'ன்னு ஒரு வரிதான் எழுதுவேன்."

சமையலறையில் சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார். இடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயம்தாம்மா. நிலத்தைக் கேட்டா இங்க உன்னை எப்படி நடத்துவாங்களோன்னு பயம். வேற ஒண்ணும் இல்லை. இதை அப்படியே சொல்லு."

மகள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, அப்பா வந்து..." என்று இழுத்தாள்.

"கேட்டுச்சு," என்றார் சம்பந்தி. பிறகு குரல் கொஞ்சம் இறங்கி, "நான் என்ன பூதமா? இந்த வீட்டுல யார் யாரை மிரட்டறாங்கன்னு அவருக்குத் தெரியுமா? மழையில நனைஞ்சுக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்தினேன்னு நீ என்னைப் பிடிச்ச பிடி எனக்குத்தான் தெரியும். நான்தான் அவர் பொண்ணுக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லும்மா," என்றார்.

"அப்பா, மாமா என்னை நல்லா வெச்சிருக்கார்னு சொல்றார்."

இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை. சம்பந்தி மட்டும் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார்.

"சரி, நாளைக்கே காலி பண்ணுன்னா செடியெல்லாம் எங்க போகும்? நம்ம சந்துல லாரி வராது. சைக்கிள்ல எத்தனை நடை அடிக்கிறது? கேளும்மா."

"அதுக்குத்தான் மாமா அப்பா ஏற்பாடு பண்ணியிருக்கார். ஸ்டேஷனுக்குப் பின்னாடி பழைய சரக்கு யார்டு சும்மாத்தானே கிடக்கு, அங்க நர்சரி வெச்சுக்கலாமாம். ஜல்லி கொட்டிட்டு காலியாத் திரும்பற வேகன்ல செடியை ஏத்தி அனுப்பிடறாராம்."

இடி மகளை முறைத்தார். இப்படி ஒரு ஏற்பாட்டை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"நிஜமாவா?" என்று முதல் முறையாக முகத்தைப் பாதி திருப்பினார் சம்பந்தி.

மகள் அப்பாவைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். இடியின் தலை தன்னால் ஆடப் பார்த்தது. இத்தனை வம்புக்கும் காரணமான தலை. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, வாய் திறந்து சொன்னார்.

"இன்னும் யார்கிட்டயும் கேட்கலை. இப்பதான் போய்க் கேட்கப் போறேன். கிடைச்சா கிடைச்சதுன்னு வந்து சொல்றேன். கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னும் நானே வந்து சொல்றேன்."

"மாமா, அப்பா என்ன சொல்றார்னா..."

"நீ சும்மா இரும்மா. இது புரிஞ்சுது."

ஆபீஸில் இடி சொன்னதை இன்ஜினியர் அம்மா கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார். "செடிகளுக்கு ரயிலா?"

"வேகன் எப்படியும் காலியாத்தானே மேடம் திரும்புது!" என்றார் இடி. பழைய குரல் வந்துவிட்டது. பக்கத்து அறையில் யாரோ எழுந்து நின்றார்கள்.

"கத்தாதீங்க. யார்டை முறைப்படி வாடகைக்குக் கொடுக்கலாம், அதுல சிக்கல் இல்லை. வேகனுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கிறேன். ஆனா இறக்கினப்புறம் உள்ள ஒரு இலை கிடக்கக்கூடாது." கொஞ்சம் யோசித்து, "அதுல நல்ல ரோஜாவா ஒண்ணு எனக்குத் தனியா எடுத்து வைங்க. என் சம்பந்திக்கு," என்றார்.

சொன்னபடி ஜல்லி வண்டி வந்தது. புதுத் தண்டவாளம் நர்சரியின் வாசல்வரை வந்து நின்றிருக்க, கொட்டி முடித்த வேகன்கள் அதன்மேல் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. கடப்பாரை பிடித்தே காய்த்துப்போன கைகள் வரிசையாக நின்று தொட்டிகளைக் கை மாற்றின. பச்சைக் குழந்தையை வாங்குவது மாதிரி ஒவ்வொருவரும் நெஞ்சோடு அணைத்து வாங்கினார்கள். சம்பந்தி தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஏற்றுகிற செடிக்கெல்லாம் ஈரம் காட்டியபடி நின்றார். எல்லாரோடும் பேசினார், இடியைத் தவிர. "தொட்டியை அடியில பிடிக்கணும்னு அவருக்குச் சொல்லும்மா." "அந்தக் கன்று தனி ரகம்னு அவருக்குச் சொல்லும்மா." மகள் நர்சரிக்கும் வேகனுக்கும் ஓடி ஓடிக் களைத்தாள்.

இடி ஒரு கொடி ரோஜாவைத் தண்டோடு பிடித்துத் தூக்கினார். அவ்வளவுதான்.

"யோவ் சம்பந்தி! கழுத்தைப் பிடிச்சா தூக்குவீங்க? அது என்ன கோழியா?"

வரிசை அப்படியே நின்றது. இடியின் முகம் சிவந்தது. நெஞ்சில் அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நீங்க முதல்ல அந்தக் குழாயை மூடுங்க! நான் மேட்டை இறுக்கி வெச்சா நீங்க சேறாக்கிட்டு இருக்கீங்க! இதுமேல ரயில் ஓடணும், படகு இல்லை!"

வேலிக் கம்பியில் இருந்த காக்கைகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. சம்பந்தியம்மா கொல்லைப்புறம் வந்து வாயில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு குரலா இவருக்கு! தொண்டையில ஏதோ கோளாறு, பாவம்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேனே!"

சம்பந்தி குழாயை மூடினார். மூடிவிட்டு, அதே உச்ச ஸ்தாயியில், "மூடிட்டேன்! இப்ப செடியை அடியில பிடிங்க!" என்றார்.

"பிடிச்சுட்டேன்!"

"அப்பாடா," என்று மகள் ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "இனி எனக்கு லீவு."

செடிகள் எல்லாம் ஏறி முடியும்வரை இருவரும் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசி வேகனில் இருவரும் ஏறிக்கொண்டார்கள். ரயில் நகர்ந்தது. லெவல் கிராசிங்கில் நின்றிருந்தவர்கள், ஜல்லி வர வேண்டிய வண்டியில் பூந்தோட்டம் போவதையும், அதன் நடுவில் இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு எலுமிச்சைக் கன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஏதோ விவாதிப்பதையும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

சில மாதங்களில் தடம் முடிந்தது. இரண்டு தடத்திலும் வண்டிகள் ஓடத் தொடங்கிய முதல் நாள், சம்பந்தி இடியைக் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்திருந்தார். எல்லோரும் கொல்லை வேலியோரம் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளைகூடக் குளிக்கப் போகாமல் நின்றார்.

"இத்தனை வருஷமா ஒண்ணு நிற்கும், ஒண்ணு போகும்," என்று இடி எல்லோருக்கும் விளக்கினார். "இன்னிக்கு ரெண்டும் நிற்காம, இதோ இந்த இடத்துல ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகும். நல்லாப் பாருங்க."

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஹாரன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஹாரன். தரை அதிர்ந்தது. இரண்டு வண்டிகளும் தடதடவென்று வந்து, ஒரே காற்றாகக் கலந்து, கொடியில் காய்ந்த துணியை எல்லாம் மாமரத்தில் ஏற்றிவிட்டு, ஆளுக்கொரு திசையில் போய் மறைந்தன. இடிக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் சம்பந்தி.

இடியின் முகம் தொங்கிப்போனது. "இவ்வளவுதாங்க."

"இதுக்கா இத்தனை பேர் இத்தனை மாசம் கஷ்டப்பட்டீங்க?"

"ஆமாங்க சம்பந்தி. இதுக்குத்தான்."

சம்பந்தி தடங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். புது ஜல்லி வெள்ளை வெளேரென்று மின்னியது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரியான நேரத்துல கண்ணுல தூசி விழுந்துடுச்சு. ஒழுங்கா பார்க்க முடியலை," என்றார். "இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்களேன்."

"சாயங்காலம்தாங்க அடுத்தது இப்படிச் சேர்ந்து வரும்."

"வரட்டும். நீங்களும் இருந்து பார்த்துட்டே போங்க," என்று சொல்லிவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, வேலியோரம் முதலில் தான் போய் நின்றுகொண்டார்.